இலத்தீன் சுவடிகளுக்குப் படம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய நூலகங்களில் உள்ள இடைக்கால இலத்தீன் கையெழுத்துச் சுவடிகள் மின்படங்களாக மாற்றப்பட்டு வருவது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இத்துறைக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. ஆயினும் கட்டுரையின் முடிவில், சுவடிகள் படமாகிவிட்ட பின் அவற்றை இயந்திரமே படித்துக் கொடுத்துவிடும் என்றும், பழைய கையெழுத்தைப் படித்தறியும் தொல்லெழுத்தியல் பயிற்சியில் இளைஞர்கள் இனி ஆண்டுகளைச் செலவிட வேண்டியதில்லை என்றும் கூறப்பட்டிருந்தது. அந்த ஒரு கருத்து தவறு என்பதை விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். இளமையில் குருமடம் ஒன்றில் இலத்தீன் கற்று, பின்னர் வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி, முப்பது ஆண்டுகளாக இச்சுவடிகளோடு பழகிவருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கடிதம் சற்று நீளமானது; பொறுத்தருள வேண்டுகிறேன்.

மின்படங்களால் விளைந்த நன்மையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்து நூலகத்தில் 1000ஆம் ஆண்டுக்கு முற்பட்ட சுவடிகள் மட்டும் ஏறத்தாழ 400 உள்ளன. பாளையங்கோட்டையில் என் வீட்டு மேசையில் அமர்ந்தபடியே அவற்றுள் பலவற்றைக் கட்டணமின்றிப் புரட்ட முடிகிறது. ஏறத்தாழ 80,000 கையெழுத்துச் சுவடிகளைக் காத்துவரும் வத்திக்கான் நூலகமும் தன் சுவடிகளைப் படிப்படியாக இணையத்தில் ஏற்றி வருகிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் பல்கலைக்கழகத்தில் உருவான டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருள்கள், ஒரே கையால் சீராக எழுதப்பட்ட பக்கங்களை வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகவே படிக்கின்றன. ஆனால் அந்த மென்பொருளுக்கு முதலில் எழுத்தறிவிப்பவர் ஒரு மனிதரே. பயிற்சி பெற்ற ஒருவர் பல பக்கங்களைப் பிழையறப் படித்து எழுதித் தந்த பின்புதான் அது எஞ்சிய பக்கங்களைப் படிக்கக் கற்கிறது. அவர் ஒரு குறியைத் தவறாகப் படித்திருந்தால் அதே தவறு ஆயிரம் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும். அதைக் கண்டுபிடிப்பதற்கும் படிக்கத் தெரிந்த இன்னொருவர் வேண்டும்.

அந்தப் படிப்பு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டும். 13, 14ஆம் நூற்றாண்டுகளின் நெருக்கமான கூர்முனை எழுத்தில் எம், என், யூ, ஐ என்று இன்று நாம் ஆங்கிலத்தில் வழங்கும் நான்கு எழுத்துகளும் ஒரே வகையான குறுகிய நேர்க்கோடுகளால் ஆனவை. முதலாவதற்கு மூன்று கோடுகள், அடுத்த இரண்டிற்கும் இரண்டிரண்டு, கடைசியானதற்கு ஒன்று. மிகச் சிறியது என்று பொருள்படும் ‘மினிமும்’ என்னும் இலத்தீன் சொல்லை அந்தக் கையெழுத்தில் எழுதினால், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் 15 கோடுகள் வேலிப்படல் போலத் தோன்றுமேயன்றி எழுத்துகள் தோன்றா. எந்தக் கோட்டில் ஓர் எழுத்து முடிந்து எந்தக் கோட்டில் அடுத்தது தொடங்குகிறது என்பதை வாக்கியத்தின் பொருளைக் கொண்டுதான் பிரிக்க வேண்டும். இந்த இடர்ப்பாட்டைக் குறைக்கவே ஐ எழுத்தின் மேல் ஒரு மெல்லிய சாய்கோடு இடும் வழக்கம் பரவியது. இன்று நாம் அதன் தலையில் வைக்கும் புள்ளி அந்தக் கோட்டின் மிச்சம். ஓலைச்சுவடி படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லாமலும், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடில்லாமலும், ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவிலும் எழுதப்பட்ட ஏட்டைப் பொருளறிந்து பிரித்துப் படித்த நம் முன்னோர் செய்ததும் இதே வேலைதான்.

கோடுகளைப் பிரித்து முடித்தாலும் சுருக்கக் குறிகள் எஞ்சியிருக்கின்றன. சுவடி எழுதப் பயன்பட்ட விலங்குத் தோல் விலை உயர்ந்தது, எழுதும் நேரமும் அரியது என்பதால் இடைக்கால எழுத்தர்கள் சொற்களைச் சுருக்கியே எழுதினர். பி எழுத்தின் காலைக் குறுக்கே வெட்டி ஒரு கோடு இட்டால் ‘பெர்’. அதே எழுத்தின் காலிலிருந்து இடப்பக்கம் ஒரு வளைவு சென்றால் ‘ப்ரோ’. தலைக்கு மேல் கோடு இட்டால் ‘ப்ரே’. முதலாவது குறியே இடத்துக்கு ஏற்ப ‘பார்’ என்றும் ‘போர்’ என்றும் விரியும். ஒன்பது என்ற எண்ணைப் போன்ற குறி வரியில் நின்றால் ‘கோன்’. வரிக்கு மேலே ஏறி நின்றால் ‘உஸ்’. இத்தாலியரான அத்ரியானோ கப்பெல்லி 1899-இல் முதலில் வெளியிட்ட சுருக்கக்குறி அகராதியில் ஏறத்தாழ 14,000 குறுக்கங்கள் திரட்டப்பட்டுள்ளன. நூறாண்டு கடந்தும் இத்துறை மாணவர்களின் கைப்பிரதி அதுவே. கோலோன் நகரத்துப் புனித ஊர்சுலாவோடு உயிர்நீத்தவர்கள் பதினோராயிரம் கன்னியர் என்ற தொன்மம் ஐரோப்பா முழுவதும் பரவியதற்கு அறிஞர்கள் சொல்லும் விளக்கங்களுள் ஒன்று, பதினொன்று என்ற எண்ணுக்குப் பின் நின்ற ஒற்றை எம் எழுத்தை, சமயத்துக்காக உயிர்நீத்தவர்களைக் குறிக்கும் ‘மறைசாட்சிகள்’ என்ற இலத்தீன் சொல்லின் குறுக்கமாகப் படிப்பதற்குப் பதில் ரோமன் எண்முறையில் ‘ஆயிரம்’ என்று யாரோ படித்துவிட்டனர் என்பதாகும். அவ்விளக்கம் உண்மையாயின், ஒரு சுருக்கக் குறி பதினொருவரைப் பதினோராயிரம் பேராக்கியிருக்கிறது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கட்டுரையாளர் கவனிக்கத் தவறியதும் அதுவே என்று கருதுகிறேன். படியெடுத்தவர் செய்த பிழை நமக்கு வெறும் இடையூறன்று, அது சான்று. ஒரு 9ஆம் நூற்றாண்டுச் சுவடியில் ஏ எழுத்து வரவேண்டிய இடங்களில் யூ எழுத்து அடிக்கடி வந்திருந்தால், அதன் மூலப்படி, தலைப்பக்கம் மூடாமல் ஏ எழுத்தை எழுதிய பழைய கையெழுத்தில் இருந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். அயர்லாந்து, இங்கிலாந்து எழுத்தர்கள் ‘ஆனால்’ என்று பொருள்படும் ‘ஔதெம்’ என்ற சொல்லை, எச் எழுத்தின் தோளில் ஒரு கொக்கி மாட்டிய குறியால் எழுதினர். ஐரோப்பியப் பெருநிலத்து எழுத்தர்களுக்கு அக்குறி பழக்கமில்லை. அதை ‘இது’ என்று பொருள்படும் ‘ஹோக்’ எனப் படித்து எழுதிவைத்தனர். எனவே பிரான்சிலோ ஜெர்மனியிலோ எழுதப்பட்ட சுவடியில் இத்தகைய பிழைகளைக் காணும் அறிஞர், இன்று அழிந்துபோன அதன் மூலப்படி கடல் கடந்து வந்தது என்று அறிகிறார். பிழைகளைச் சேர்த்துப் பார்த்து, எந்தப் படியிலிருந்து எந்தப் படி பிறந்தது என்ற மரபுவழியை வரைவதும் இப்படித்தான். மொழியின் இயல்பைக் கற்றுக்கொண்டு, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துப் படிக்கும் இயந்திரமோ, பிழையான சொல்லைக் கண்டால் அதைச் சரியான சொல்லாகவே படித்துவிட முனைகிறது. அவ்வாறு கிடைக்கும் பாடம் படிப்பதற்கு இனிதாக இருக்கலாம். ஆனால் அதில் சான்று துடைக்கப்பட்டிருக்கும்.

இத்துறை பிறந்ததே ஐயத்திலிருந்துதான். ஆண்ட்வெர்ப் நகரத்து இயேசு சபைத் துறவியான டானியேல் பாப்பன்புரூக், 1675-இல், பழைய மன்னர்கள் பிரான்சின் சாந்த் தெனி மடத்துக்கு அளித்ததாகச் சொல்லப்பட்ட கொடைப் பட்டயங்களின் நம்பகத்தன்மையை வலுவாகக் கேள்விக்கு உட்படுத்தினார். அம்மடம் பெனடிக்ட் சபையினருடையது; நிலமும் உரிமையும் அந்தப் பட்டயங்களின் மேல் நின்றன. அச்சபையின் ழான் மபியோன் சினம் கொண்டு மறுப்புரை எழுதவில்லை. நூலகம் நூலகமாகச் சென்று, பட்டயங்களின் எழுத்து வடிவு, மை, தோல், முத்திரை, சொல்லாட்சி, நாள் குறிக்கும் முறை ஆகியவற்றை ஒப்பிட்டு, எந்த நூற்றாண்டின் உண்மைப் பட்டயம் எப்படி இருக்கும் என்பதற்கு அளவுகோல் வகுத்து, எழுத்து மாதிரிகளைச் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டு, 1681-இல் ஆறு பாகங்களில் ஒரு பெருநூலை வெளியிட்டார். அதைப் படித்த பாப்பன்புரூக், தம் கருத்து மறுக்கப்பட்டதை மனமுவந்து ஏற்று மபியோனுக்கே பாராட்டு எழுதினார். அறிஞர்களுக்குள் எழுந்த ஒரு வழக்கு இவ்வளவு மேன்மையாக முடிந்ததை நான் வேறெங்கும் அரிதாகவே கண்டிருக்கிறேன். என் மாணவர்களுக்கு இதை ஆண்டுதோறும் சொல்லி வந்தேன். தொல்லெழுத்தியல் என்னும் பெயர் அதன் பின்னர், மபியோனின் சபையைச் சேர்ந்த மோன்போகோன் 1708-இல் கிரேக்கச் சுவடிகளைப் பற்றி எழுதிய நூலின் வழியாக நிலைபெற்றது.

இப்பயிற்சி உடையவருக்கு ஒரு பக்கத்தின் எழுத்தே ஊரையும் காலத்தையும் சொல்லும். தென் இத்தாலியில் மோந்தே கசீனோ மடத்தை ஒட்டி வளர்ந்த பெனவெந்தோ எழுத்தை, ஒருமுறை நன்கு பார்த்தவர் பிறகு எங்கு கண்டாலும் அடையாளம் காண்பார். 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோர்பி போன்ற மடங்களில் உருப்பெற்று, சார்லமேன் பேரரசில் எங்கும் பரவி, அல்குவின் தலைமை ஏற்றிருந்த தூர் நகர மடத்தின் எழுத்துக்கூடத்தில் மேலும் செம்மை பெற்ற கரோலிங்கியச் சிற்றெழுத்தின் வரலாறு இன்னும் வியப்பானது. உருண்டையான, தெளிவான, சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்ட எழுத்து அது. அறுநூறு ஆண்டுகளுக்குப் பின், போஜ்ஜோ முதலிய இத்தாலிய அறிஞர்கள் பண்டை இலக்கியங்களை அந்த எழுத்தில் கண்டபோது, அதுவே பழைய ரோமானியரின் எழுத்து என்று கருதிப் போற்றி, அதைப் பின்பற்றி எழுதத் தொடங்கினர். அவர்களுடைய கையெழுத்தை மாதிரியாகக் கொண்டு வெனிஸ் நகரில் 1470-இல் நிக்கோலா ஜென்சன் அச்செழுத்து வார்த்தார். இன்று ஆங்கில நூல்களில் காணும் சிற்றெழுத்துகளின் வடிவு அந்த வழியில் வந்தது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். பிளாரன்ஸ் நகரின் லோரென்சோ நூலகத்தில் அமியாத்தினுஸ் என்ற பெயருடைய இலத்தீன் விவிலியச் சுவடி இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோல் ஏடுகள்; எடை 34 கிலோவுக்கும் அதிகம்; அதற்கு 500-க்கு மேற்பட்ட கன்றுகளின் தோல் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முழு விவிலியமும் ஒரே கட்டாக நமக்குக் கிடைத்துள்ள இலத்தீன் சுவடிகளில் இதுவே மிகப் பழையது. இதன் பெருவட்ட எழுத்து இத்தாலிய முறைப்படி அத்துணை அழகாக இருப்பதால், இது 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதப்பட்டது என்று நெடுங்காலம் நம்பிவந்தனர். தொடக்கத்தில் உள்ள காணிக்கைப் பாவில், இத்தாலியில் வாழ்ந்த லொம்பார்டியரின் பேதுரு என்ற மடத்தலைவரின் பெயர் இருந்ததும் அந்நம்பிக்கைக்குத் துணை நின்றது. 19ஆம் நூற்றாண்டில் தொல்பொருள் அறிஞர் தே ரோசி அந்தப் பக்கத்தை உற்று நோக்கினார். பேதுருவின் பெயர், சுரண்டி அழித்த இடத்தின் மேல் எழுதப்பட்டிருந்தது; செய்யுளின் யாப்பும் அந்த இடத்தில் இடறியது. அழிக்கப்பட்ட பெயர் வட இங்கிலாந்தின் வேர்மவுத்–ஜாரோ மடத்தலைவர் கியோல்பிரித்தினுடையதாக இருக்கலாம் என்று அவர் கருதினார். கியோல்பிரித்தின் வாழ்க்கையைக் கூறும் பழைய நூலொன்றில் அதே பா, அவருடைய பெயரோடும் ஆங்கிலேயர் என்ற சொல்லோடும் எழுதப்பட்டிருப்பதை ஹார்ட் என்ற அறிஞர் எடுத்துக்காட்டியதும் ஐயம் தீர்ந்தது. ரோமில் திருத்தூதர் பேதுருவின் திருத்தலத்துக்குக் காணிக்கையாக அதைக் கொண்டுசென்ற கியோல்பிரித், வழியில் லாங்ர் நகரில் 716-இல் இறந்தார். அதே எழுத்துக்கூடத்தில் எழுதப்பட்ட மற்றொரு விவிலியத்தின் சில ஏடுகள், இங்கிலாந்தில் ஒரு நிலவுடைமைக் குடும்பத்தின் ஆவணங்களுக்கு மேலுறையாகப் பயன்பட்ட நிலையில் கிடைத்தன. அவற்றை இனங்காட்டியது எழுத்தேயன்றி வேறன்று. 2018-இல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் நடந்த கண்காட்சிக்காக அமியாத்தினுஸ் இங்கிலாந்துக்குச் சென்றபோது, அது பிறந்த நாட்டை விட்டுப் புறப்பட்டு 1,302 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெயர் அழிந்தவர்களை மீட்பதும் இத்துறையே. கோலோன் பேராயர் ஹில்டிபால்டுக்காக எழுதப்பட்ட, விவிலியத்தின் சங்கீதப் பாடல்களுக்குப் புனித அகுஸ்தீனார் இயற்றிய விரிவுரையின் மூன்று தொகுதிகள் அந்நகரில் உள்ளன. ஏட்டுக்கட்டுகளின் முடிவில் கிர்பால்டா, கிஸ்லில்டிஸ், அக்லெபெர்த்தா என்று பெண்களின் பெயர்கள் கையொப்பமாக இருக்கின்றன. மியூனிக் அறிஞர் பெர்ன்ஹார்ட் பிஷோப், வேறு சுவடிகளின் எழுத்தோடு இவற்றை ஒப்பிட்டு, இவை பாரிஸ் அருகே, சார்லமேனின் உடன்பிறந்தாள் கிசெலா தலைமை வகித்த ஷெல் கன்னியர் மடத்தில் எழுதப்பட்டவை என்று 1957-இல் நிறுவினார். இடைக்காலச் சுவடி என்றாலே துறவியர் ஆடவர் எழுதியது என்ற எண்ணத்தை அந்தக் கட்டுரை மாற்றியது. ஜெர்மனியின் டால்ஹைம் மடத்துக் கல்லறையில் கிடைத்த ஒரு பெண்ணின் பற்காரையில், சுவடி ஓவியங்களுக்குப் பயன்படும் விலையுயர்ந்த நீலக்கல்லின் துகள்கள் இருந்ததாக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டதும் இங்கே நினைக்கத்தக்கது. தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூர்மைப்படுத்திய ஓவியராக அவர் இருந்திருக்கக்கூடும் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

படம் காட்டாததை மூலம் காட்டும் என்பதற்கு ஓர் எழுத்து போதும். ரோமானிய வரலாற்றாசிரியர் தாசித்துஸ், நீரோ மன்னன் காலத்தில் 64-இல் ரோம் எரிந்ததையும் அந்தப் பழி கிறித்தவர்கள் மேல் சுமத்தப்பட்டதையும் எழுதியிருக்கிறார். அப்பகுதி நமக்கு வந்து சேர்ந்தது, 11ஆம் நூற்றாண்டில் மோந்தே கசீனோவில் பெனவெந்தோ எழுத்தில் எழுதப்பட்டு, இன்று பிளாரன்ஸில் உள்ள ஒரே சுவடியின் வழியாகத்தான். மற்றப் படிகளெல்லாம் அதன் வழிவந்தவை. அதில் ‘கிறிஸ்தியானோஸ்’ என்று எழுதியிருக்கும் சொல்லில் ஐ எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே பொருந்தாத ஓர் இடைவெளி காணப்படுகிறது. முதலில் ஈ எழுத்தாக இருந்து ‘கிரெஸ்தியானோஸ்’ என்று நின்ற சொல்லைப் பின்னர் ஒருவர் சுரண்டித் திருத்தியிருக்கிறார் என்று ஜெர்மானிய அறிஞர் கியோர்க் ஆண்ட்ரெசன் 1902-இல் எழுதினார். புற ஊதா ஒளியில் அந்தப் பக்கத்தை ஆய்ந்தபோது அழிந்த எழுத்தின் சாயல் வெளிப்பட்டது. ரோம் மக்கள் கிறித்தவர்களை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்ற கேள்வி அந்தச் சுரண்டலின் மேல் நிற்கிறது. சாதாரண ஒளியில் எடுத்த படத்தில் இயந்திரம் ஐ எழுத்தைப் படிக்கும். அது படித்ததில் பிழையும் இராது. ஆனால் அந்த இடைவெளியில் நின்று ஐயப்படுவதற்கு ஆண்ட்ரெசன் வேண்டியிருந்தது.

சுவடி என்பது ஒரு பொருள். அதைக் கையில் எடுத்தவருக்கே அது முழுமையாகப் புரியும். கன்று, செம்மறி, வெள்ளாட்டின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைவடிவக் கத்தியால் வழித்து எடுத்தது அந்த ஏடு. மாசிக்காயும் அன்னபேதியும் கருவேலம் பிசினும் சேர்ந்த மையை வாத்திறகு எழுதுகோலால் தொட்டு எழுதினார்கள். தோலின் மயிர்ப்புறம் சற்றே மஞ்சள் பூத்து மயிர்க்கால் புள்ளிகளோடும், சதைப்புறம் வெளுத்தும் இருக்கும். மயிர்ப்புறத்துக்கு எதிரே மயிர்ப்புறமும் சதைப்புறத்துக்கு எதிரே சதைப்புறமும் வரும்படியே ஏட்டைக் கட்டுவது வழக்கம் என்பதைக் கிரிகோரி என்பவர் 1885-இல் எடுத்துரைத்தார். அந்த ஒழுங்கு ஓரிடத்தில் முறிந்தால் அங்கே ஓர் ஏடு காணாமற் போயிருக்கலாம் என்று விரலே சொல்லிவிடும். வெளிநாட்டு நூலகம் ஒன்றில் நான் ஒரு சட்டச் சுவடியின் மூலத்தைக் கேட்டபோது, படம்தான் இருக்கிறதே என்று சொல்லித் தர மறுத்துவிட்டார்கள். அந்தப் படத்தை நம்பி ஒரு சொல்லின் மேல் சுருக்கக்கோடு இருப்பதாகக் கொண்டு, பொருள் பொருந்தாமல் ஏழு மாதம் தடுமாறினேன். மறு ஆண்டு வேறொரு காப்பாளரின் இரக்கத்தால் மூலத்தைப் பார்க்கக் கிடைத்தபோது, ஏட்டைச் சற்றே சாய்த்து ஒளியில் பிடித்த அளவில், அது கோடன்று, மறுபக்கத்து மை ஊறி வந்த கறை என்பது விளங்கியது. அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

படம் எடுத்தாகிவிட்டது, இனி மூலத்துக்கு என்ன அவசரம் என்ற எண்ணம் எவ்வளவு தீங்கானது என்பதற்கு வரலாறே விடை தருகிறது. ரோமானியப் பேச்சாளர் சிசெரோ அரசியலைப் பற்றி எழுதிய நூலின் பெரும்பகுதி காணாமற் போயிருந்தது. இத்தாலியின் பொப்பியோ மடத்தில் யாரோ அதன் ஏடுகளைக் கழுவிச் சுரண்டி, அகுஸ்தீனாரின் சங்கீத விரிவுரையை மேலே எழுதிவிட்டார்கள். வத்திக்கான் நூலகத்தில் ஆஞ்சலோ மாய் 1819-இல் அந்த மேலெழுத்தின் அடியில் சிசெரோவைக் கண்டுபிடித்து 1822-இல் பதிப்பித்தார். அவர் காலத்து அறிஞர்கள் அடியெழுத்தைத் தெளிவாக்க மாசிக்காய்ச் சாற்றைத் தடவினார்கள். அப்போதைக்கு எழுத்து தெரிந்தது, பிறகு ஏடு கறுத்தது. அவர்கள் கையாண்ட ஏடுகளில் சிலவற்றைப் பல்வேறு அலைநீள ஒளிகளில் படமெடுத்து இன்று மீட்க முயல்கிறார்கள் என்றால், அந்த ஏடுகள் எப்படியோ காக்கப்பட்டிருப்பதே காரணம். நம் காலத்துப் படமே கடைசிப் படம் என்று எண்ணுவது மாய் காலத்தவர் செய்த அதே பிழையாகும்.

பயிற்சியை நிறுத்துவது எளிது, மீட்பது கடினம். 2010-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி, பிரிட்டனிலேயே தொல்லெழுத்தியலுக்கென இருந்த ஒரே பேராசிரியர் பதவியை நிறுத்தப் போவதாக அறிவித்தபோது பல நாட்டு அறிஞர்கள் எதிர்த்து எழுதினார்கள். சில ஆண்டுகளில் அப்பதவி மீண்டும் நிரப்பப்பட்டது. பாரிஸில் 1821-இல் தொடங்கிய ஆவணப் பள்ளியும், வத்திக்கானில் 1884 முதல் நடந்துவரும் தொல்லெழுத்தியல் பள்ளியும் இன்றும் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. இயந்திரம் வந்ததால் அங்கே பாடம் குறையவில்லை.

ஆகவே, தங்கள் கட்டுரையின் அந்த இறுதிக் கருத்துக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அதைப் படித்து, இத்துறையில் ஆர்வம் இருந்தும் பின்வாங்கிய மாணவர் ஒருவர் தமிழ்நாட்டில் எங்கேனும் இருப்பாரானால் அவருக்கு என் பரிந்துரை இது: இலத்தீன் இலக்கணத்தை ஓராண்டு கற்றுக்கொள்ளுங்கள். பிறகு சாங்க்ட் காலன் நூலகத்தின் 9ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றைத் திறந்து, விவிலியம் போல உங்களுக்கு முன்பே தெரிந்த ஒரு பகுதியைத் தேர்ந்து, நாளொன்றுக்குப் பத்து வரிகளைக் கையால் படியெடுங்கள்; குறுக்கத்தை விரித்து எழுதும் இடத்தையெல்லாம் அடிக்கோடிடுங்கள். கப்பெல்லியின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் மாதத்தில் தாமதமாகத்தான் நகரும். மூன்றாம் மாதத்தில் எழுத்தர் எங்கே எழுதுகோலைச் சீவிக்கொண்டார், எங்கே களைத்தார் என்பதுகூடத் தெரியத் தொடங்கும். படியெடுத்த பக்கங்களைத் தங்கள் அலுவலகம் வழியாக எனக்கு அனுப்பினால், உடல் ஒத்துழைக்கும் வரை பார்த்துத் திருத்தி அனுப்புவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை.